எண்ணும் சித்திரமும்

ஸ்காத்லாந்தில் டண்டீ நகரை அடுத்த லிஃப் என்னும் சிற்றூரில் போதகராயிருந்த ஒருவர் 1772-ஆம் ஆண்டில் காலமானபோது, அவருடைய புதல்வர்களுள் வில்லியம் பிளேஃபேர் என்பவன் இன்னும் பதின்மூன்று பிராயம் நிரம்பாத சிறுவனாக இருந்தமையால், அவனை வளர்த்துக் கல்வி புகட்டும் பொறுப்பு, அவனுக்குப் பதினோரு வயது மூத்தவரான தமையனார் ஜான் பிளேஃபேரைச் சேர்ந்தது. ஜான் பிற்காலத்தில் எடின்பரோ சர்வகலாசாலையில் கணிதப் பேராசிரியராக அமர்ந்து பெரும்புகழ் பெற்றவர். தம்பிக்கு அவர் இட்ட பாடங்களுள் ஒன்று மிகவும் எளியது: நாள்தோறும் உஷ்ணமானி காட்டும் அளவைப் பார்த்து, அதை எண்ணாக எழுதி வைப்பதோடு நில்லாமல், அளவு பிரித்த தாளில் ஒரு கோடாகவும் வரைந்து, நேற்றைய கோட்டுக்குப் பக்கத்தில் இன்றைய கோட்டை நிறுத்தவேண்டும். எண்ணால் சொல்லக்கூடியது எதுவாயினும் அதைக் கோட்டாலும் சொல்லலாம் என்பதை இந்த அப்பியாசத்தின் வாயிலாகவே தமையனார் தமக்கு உணர்த்தினார் என்று வில்லியம் பின்னாளில் நன்றியோடு நினைவுகூர்ந்திருக்கிறார்.

எண்களைச் சித்திரமாக்கும் கலையின் சரித்திரத்தை எழுதுவோர் பெரும்பாலும் பிரசித்தி பெற்ற சில படங்களை வரிசையாக எடுத்துக்காட்டி, இன்னார் இன்ன ஆண்டில் இதை வரைந்தார் என்று சொல்லிச் சென்றுவிடுவர். அப்படங்களை வரைந்த கைகள் எங்கே பழகின, யார் பழக்கினார்கள், பழகும்போது அந்தக் கைகள் எதைக் கற்றுக்கொண்டன என்ற விஷயம் அத்தகைய வரலாறுகளில் ஓரமாக ஒதுங்கிக் கிடக்கிறது. எனக்கோ அந்த ஓரத்தில்தான் சுவை அதிகம் இருப்பதாகத் தோன்றுகிறது. முடிந்த படத்தைப் பார்ப்பவன் ஒரு செய்தியை அறிகிறான். அதைச் செய்து பார்ப்பவனோ, அந்தச் செய்திக்குள் இடம்பெறாமல் வெளியே நிறுத்தப்பட்டவை எவை என்பதையும் சேர்த்து அறிகிறான்.

வில்லியம் பிளேஃபேர் கதிரடிக்கும் இயந்திரம் செய்த ஆண்ட்ரூ மெய்க்கிலிடம் தொழில் பழகி, 1777-இல் பர்மிங்ஹாமில் ஜேம்ஸ் வாட்டிடம் வரைவாளராகச் சேர்ந்து, அதன்பின் நிலையாக ஒரு தொழிலிலும் நில்லாமல் பல ஊர்களில் பல வியாபாரங்களைச் செய்து தோற்ற மனிதர். 1786-ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட வர்த்தக அரசியல் படத்தொகுதியில் 44 படங்கள் இருந்தன. ஏறக்குறைய எல்லாமே, இங்கிலாந்து ஒவ்வொரு தேசத்தோடும் நடத்திய ஏற்றுமதி இறக்குமதிகளை ஆண்டுதோறும் தொடர்ந்து காட்டும் கோட்டுச் சித்திரங்கள். கிழக்கிந்திய வர்த்தகத்துக்கு என்று அதில் ஒரு படம் உண்டு. 18-ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதிக்கும் இறக்குமதிக் கோடு மேலேயும் ஏற்றுமதிக் கோடு கீழேயும் ஓடும் அந்தப் படத்தில், சோழமண்டலக் கரையில் நம்மவர் நெய்து சாயமிட்டுக் கப்பலேற்றிய துணிகளும் பெயரில்லாமல் ஒரு வளைவுக்குள் அடங்கியிருக்கின்றன. நாற்பத்து நான்கில் ஒன்று மட்டும் வேறு ஜாதி. ஸ்காத்லாந்தின் வர்த்தகத்தைப் பற்றி 1780 கிறிஸ்துமஸ் முதல் 1781 கிறிஸ்துமஸ் வரையிலான ஓராண்டுக் கணக்கே கிடைத்ததால், காலத்தின் ஓட்டத்தைக் கோடாக இழுக்க வழியில்லாமல், தேசத்துக்கு ஒரு ஜோடியாகப் பட்டைகளை அடுக்கி அவர் அதை வரைந்தார். காலம் அதில் இல்லாமையால் பிரயோஜனம் குறைந்தது என்பது அவருடைய அபிப்பிராயம். இன்று உலகெங்கும் பத்திரிகையைப் புரட்டும் எவர் கண்ணிலும் முதலில் படுகிற பட்டைச் சித்திரம், கணக்குப் போதாமையால் மனமில்லாமல் செய்யப்பட்ட ஒரு சமாளிப்பாகப் பிறந்தது என்பதை நினைக்குந்தோறும் எனக்கு ஒரு மகிழ்ச்சி உண்டாகிறது. கையில் இருக்கும் விவரத்தின் குறையே படத்தின் உருவத்தை நிர்ணயிக்கும் என்ற பாடத்தை உஷ்ணமானி அவருக்குக் கற்பித்திருக்க முடியாது. அது நாள் தவறாமல் எண் கொடுப்பது. வர்த்தகக் கணக்குதான் கற்பித்தது. 1823-இல் அவர் வறுமையில் இறந்தார்.

அதன் பிறகு ஏறத்தாழ நூறாண்டுக் காலத்தை விரைவாகவே கடந்துவிடலாம். 1858-இல் கிரிமியப் போரில் இறந்த சிப்பாய்களின் கணக்கை வட்டமாக விரியும் படமாக்கிய ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேலும், 1869-இல் நெப்போலியனின் ருஷியப் படையெடுப்பில் சேனை தேய்ந்துபோனதை ஒரு பட்டையின் அகலம் தேய்வதாகக் காட்டிய கிழவர் மினார்டும் மகா மேதைகளே. ஆனால் அவர்கள் தங்கள் தங்கள் அலுவலின் தேவையை முன்னிட்டுத் தாங்களாகவே வழி கண்டவர்கள்; இந்த வித்தையைக் கற்பிப்பதற்கு என்று பள்ளிக்கூடம் ஒன்றும் அக்காலத்தில் இல்லை. ஜான் பெர்ரி என்ற ஐரிஷ் இயந்திரவியல் ஆசிரியர் 1870-களில் தோக்கியோவிலும், பின்பு லண்டன் ஃபின்ஸ்பரி தொழிற்கல்லூரியிலும், சதுரக் கட்டமிட்ட தாளை மாணாக்கர் கையில் கொடுத்து, பரிசோதனையில் கண்ட எண்களைப் புள்ளியாக இட்டு இணைக்கச் செய்தார். 1901-இல் கிளாஸ்கோவில் கூடிய பிரிட்டிஷ் விஞ்ஞான சங்கத்தின் கூட்டத்தில் கணிதக் கல்வியைச் சீர்திருத்த வேண்டுமென்று அவர் செய்த வாதத்துக்குப் பிறகு அந்தத் தாள் இங்கிலாந்தின் பள்ளிகளில் வேகமாகப் பரவியது. நம் பத்தாம் வகுப்புக் கணிதத் தேர்வில் வரைபடத்துக்கென்று வரும் கேள்வியும், அதற்காக விடைத்தாளோடு நூல் கட்டிச் சேர்க்கும் கிராஃப் தாளும் அந்த வம்சத்தைச் சேர்ந்தவைதாம். மதிப்பெண்ணுக்குக் குறைவில்லை என்று உபாத்தியாயர்கள் அதைக் குருட்டுப் பாடமாகவாவது பழக்கிவிடுகிறார்கள். இந்தப் படத்தை யார் பார்க்கப் போகிறார்கள் என்ற கேள்வியை மட்டும் அந்தத் தாள் எழுப்புவதில்லை.

அந்தக் கேள்வி கூர்மையாக எழுந்த இடம் அமெரிக்காவின் தெற்குப் பகுதியில் உள்ள அட்லாண்டா நகரம். உள்நாட்டுப் போர் முடிந்த 1865-ஆம் ஆண்டிலேயே, விடுதலை பெற்ற நீக்ரோ மக்களின் கல்விக்காக நிறுவப்பட்ட அட்லாண்டா சர்வகலாசாலையில், டபிள்யூ. இ. பி. டு பாய்ஸ் என்ற இளம் பேராசிரியர் 1897-இல் சமூகவியல் கற்பிக்க வந்து சேர்ந்தார். ஹார்வர்டில் படித்து, பெர்லினில் இரண்டாண்டு பயின்று, அங்கே ஜெர்மானிய அறிஞர்கள் புள்ளிவிவரத்தைக் கொண்டு சமூகத்தை ஆராயும் முறையை நேரில் கண்டவர் அவர். வெள்ளையரின் வெறுப்புக்குக் காரணம் அறியாமைதான், உண்மை விவரங்களை நிதானமாகத் திரட்டி அவர்கள் முன் வைத்தால் அந்த வெறுப்பு கரையும் என்பது அந்நாளில் அவருடைய திடமான நம்பிக்கை. 1899-ஆம் ஆண்டு ஏப்ரலில் சாம் ஹோஸ் என்ற கறுப்பினத்தவரை ஒரு பெருங்கூட்டம் கொடூரமாக வதைத்துக் கொன்றது. அதைக் குறித்து நிதானமான வார்த்தைகளில் ஒரு கடிதம் எழுதிக்கொண்டு பத்திரிகாலயத்தை நோக்கி நடந்து சென்ற டு பாய்ஸ், இறந்தவருடைய விரல் கணுக்கள் வழியிலுள்ள ஒரு கடையில் காட்சிக்கு வைக்கப்பட்டிருக்கின்றன என்று கேள்விப்பட்டு, பாதி வழியிலேயே வீடு திரும்பிவிட்டார். அடுத்த மாதமே அவருடைய சிறுகுழந்தை நோய்வாய்ப்பட்டு இறந்தது. இவ்விரண்டும் நடந்து ஓராண்டு கழிவதற்குள்ளாகவே, பாரிஸ் நகரில் நடக்கவிருந்த 1900-ஆம் ஆண்டு உலகப் பொருட்காட்சிக்கு அமெரிக்க நீக்ரோ மக்களின் நிலையை விளக்கும் பகுதி ஒன்றைத் தயாரித்துத் தரவேண்டும் என்ற வேண்டுகோள் அவரிடம் வந்தது. இந்தப் பகுதியை ஏற்பாடு செய்தவர் தாமஸ் காலோவே என்ற வழக்கறிஞர். அமெரிக்கக் காங்கிரஸ் ஒதுக்கிய தொகை 15,000 டாலர். கிடைத்த அவகாசமோ சில மாதங்கள்.

டு பாய்ஸும், அவரிடம் பயின்ற மாணாக்கரும், படிப்பை முடித்த பழைய மாணாக்கர் சிலரும் சேர்ந்து, ஏறத்தாழ 28 அங்குலத்துக்கு 22 அங்குலம் உள்ள அட்டைகளில் மையாலும் நீர்வண்ணத்தாலும் கையினாலேயே அறுபதுக்கு மேற்பட்ட படங்களை எழுதி முடித்தார்கள். ஜார்ஜியா மாகாணத்தைப் பற்றியது ஒரு வரிசை; தேசம் முழுவதையும் பற்றியது மற்றொன்று. பார்க்க வருவோரில் பலர் பிரெஞ்சுக்காரர் ஆகையால், பின்னதன் தலைப்புகளைப் பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் சேர்த்தே எழுதினார்கள். இன்று இப்படங்களைப் பார்ப்போர் வண்ணங்களின் துணிவைக் கண்டு வியந்து, பின்னால் ஐரோப்பாவில் தோன்றிய நவீன ஓவியத்தோடு ஒப்பிடுகிறார்கள். அந்த ஒப்பீட்டில் எனக்குச் சிரத்தை இல்லை. ஓர் எண் தாளில் அடங்க மறுத்தபோது அந்த இளைஞர்கள் என்ன செய்தார்கள் என்பதே என் கவனத்தை ஈர்க்கிறது.

ஜார்ஜியாவில் 1890-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி, பதினாயிரத்துக்கு மேல் ஜனத்தொகை கொண்ட நகரங்களில் 78,139 நீக்ரோ மக்களும், அவற்றினும் சிறிய இருவகைப் பட்டணங்களில் முறையே 8,025 பேரும் 37,699 பேரும், நாட்டுப்புறத்திலும் கிராமங்களிலும் 734,952 பேரும் வாழ்ந்தார்கள். இந்நான்கையும் நான்கு பட்டைகளாக ஒரே அளவில் இழுத்தால், கடைசிப் பட்டை முதல் பட்டையைப்போல் ஒன்பது மடங்குக்கு மேல் நீண்டு அட்டையைத் தாண்டிவிடும். அளவைக் குறைத்தாலோ இரண்டாவது பட்டை கண்ணுக்குத் தெரியாத துணுக்காகிவிடும். அவர்கள் செய்த உபாயம், பச்சையும் நீலமும் மஞ்சளுமாக மேலே மூன்று சிறு கோடுகளைக் காட்டிவிட்டு, கிராம ஜனங்களைக் குறிக்கும் சிவப்புக் கோட்டை அட்டையின் நடுவில் பாம்பு சுருண்டதுபோல் வளைத்து வளைத்துச் சுழியாக்கியது. சுழியின் நீளத்தைக் கண் சரியாக மதிப்பிடாது என்று புள்ளியியல் வல்லுநர் குறை சொல்வர், குறை உண்மையே. ஆனால் பாரிஸ் பொருட்காட்சிக்கு வந்த ஏறத்தாழ ஐந்து கோடி பேரில், இந்த அட்டையின் முன் அரை நிமிஷம் நின்ற ஒருவர், ‘இந்த மக்களில் அநேகமாக எல்லோரும் இன்னும் கிராமத்தில்தான் இருக்கிறார்கள்’ என்பதை மறக்காமல் எடுத்துச் சென்றிருப்பார். அளவின் நுட்பத்தையும் மனத்தில் பதிவதையும் ஒருசேரப் பெற முடியாதபோது எதை விடுவது என்று அவர்கள் தீர்மானித்தார்கள்.

மற்றொரு படம் இன்னும் அடக்கமானது. 1790 முதல் 1870 வரை, அடிமைகளாயிருந்தவர் எத்தனை பங்கு, சுதந்திரர் எத்தனை பங்கு என்பதைக் காட்டும் அதில், தாள் முழுவதும் கறுப்பு. மேல் விளிம்பில் மட்டும், நூற்றில் ஏறத்தாழ பத்துப் பன்னிரண்டு பேரைக் குறிக்கும் மெல்லிய பச்சைக் கீற்று எழுபது ஆண்டுகளாக அசையாமல் ஓடி, வலது ஓரத்தில் திடீரென்று அடிவரை செங்குத்தாக இறங்குகிறது. போரையோ, சட்டத்தையோ, தலைவர்களின் பெயரையோ அங்கே எழுதவில்லை.

பணமெல்லாம் வேலையிலேயே கரைந்துவிட்டபடியால், டு பாய்ஸ் கப்பலில் மிகத் தாழ்ந்த வகுப்பில் பிரயாணம் செய்து பாரிஸ் சென்று, சமூகப் பொருளாதார மண்டபத்தில் தம் கையாலேயே படங்களைப் பொருத்தினார். தங்கப் பதக்கம் கிடைத்தது. வெள்ளை அமெரிக்காவின் மனம் மட்டும் அசைந்ததாகத் தெரியவில்லை. விவரத்தைக் காட்டினால் போதும் என்ற கொள்கையில் அவருக்கே பின்னர் நம்பிக்கை தளர்ந்து, 1910-இல் சர்வகலாசாலையை விட்டுக் கிளர்ச்சிப் பத்திரிகை நடத்தச் சென்றார். பார்க்க வந்தவர்களை அப்படங்கள் எவ்வளவு மாற்றின என்பதற்கு அத்தாட்சி குறைவு. தங்கள் தாய் தந்தையர் அடிமைகளாயிருந்த மாகாணத்தின் நிலவரிக் கணக்கையும் எழுத்தறிவுக் கணக்கையும் எடுத்துக்கொண்டு, தங்கள் சொந்த ஜனங்களை நீளமாகவும் அகலமாகவும் அளந்து அளந்து வண்ணம் தீட்டிய அந்த மாணாக்கரிடம் உண்டான மாறுதலுக்கோ, படங்களில் தெரியும் கைத்தேர்ச்சியே சாட்சி.

பயிற்சியையே ஒரு சாஸ்திரமாக வகுத்த பெருமை வீயன்னாவுக்கு உரியது. முதல் உலக யுத்தத்தில் தோற்று, சாம்ராஜ்யத்தை இழந்து, பட்டினியும் க்ஷயரோகமும் பீடித்திருந்த அந்நகரின் ஆட்சியை 1919-இல் சமூக ஜனநாயகக் கட்சியார் ஏற்றுக்கொண்டு, வசதியுள்ளோர்மீது வரி விதித்து, 1934-க்குள் அறுபதினாயிரத்துக்கு மேற்பட்ட வீடுகளைத் தொழிலாளருக்காகக் கட்டினார்கள். இந்த வரி எங்கே போகிறது, இந்த வீட்டினால் குழந்தைகளின் மரணம் குறைகிறதா என்பவை ஒவ்வொரு குடிமகனும் அறியவேண்டிய விஷயங்கள். ஆனால் நகரசபையின் அறிக்கைப் புஸ்தகங்களைப் படிக்கும் பொறுமையும் பயிற்சியும் நாள் முழுதும் உழைத்துவிட்டு வருபவனுக்கு எங்கிருந்து வரும்? ஆட்டோ நாய்ராத் என்பவர் இதற்கு விடை காண முற்பட்டார். 1882-இல் அந்நகரிலேயே பிறந்த பொருளாதார அறிஞர். வீயன்னா வட்டம் என்று தத்துவ உலகில் பெயர்பெற்ற குழுவின் தூண்களுள் ஒருவர். 1919-இல் பவேரியாவின் குறுகிய காலப் புரட்சி அரசில் பதவி வகித்ததற்காகத் தண்டிக்கப்பட்டு ஊர் திரும்பியவர். யானையைப் போன்ற தேகமும் ஓயாத பேச்சும் உடைய இம்மனிதர், 1925-ஆம் ஆண்டின் தொடக்கத்தில், நகரசபையின் ஆதரவோடு சமூகப் பொருளாதார அருங்காட்சியகத்தைத் திறந்தார். பழைய சிலைகளும் பாடம் செய்த மிருகங்களும் இல்லாத அருங்காட்சியகம் அது. உள்ளே இருந்தவை எல்லாம் எண்ணிக்கைப் படங்களே.

அங்கே கடைப்பிடித்த முதல் விதி, மிகுதியைக் காட்டப் பெரிய உருவம் போடலாகாது, அதே அளவுள்ள உருவத்தைப் பல தடவை போடவேண்டும் என்பது. ஓர் ஊரில் வேலையற்றோர் இரட்டித்துவிட்டார்கள் என்பதைச் சொல்ல, ஒரு மனித உருவத்தையும் அதைப்போல் இருமடங்கு உயரமான உருவத்தையும் அருகருகே நிறுத்தினால், உயரம் இரட்டிக்கும்போது அகலமும் இரட்டித்து, இரண்டாம் உருவம் தாளில் நான்கு மடங்கு இடத்தை அடைத்துக்கொள்ளும், பார்ப்பவன் ஏமாறுவான். ஒரே அளவுள்ள உருவங்களை வரிசையாக நிறுத்திவிட்டால் எழுதப் படிக்கத் தெரியாதவனும் எண்ணிப் பார்த்துக்கொள்ளலாம். உருவங்கள் இடமிருந்து வலமாகவே ஓடும்; ஆண்டுகள் மேலிருந்து கீழாகவே இறங்கும்; தூரத்தில் இருப்பதைச் சிறிதாக்கிக் காட்டும் ஓவியர் வழக்கத்துக்கு இங்கே இடமில்லை. முதல் பார்வையில் முக்கியமானதும், இரண்டாவதில் அதற்கு அடுத்ததும், மூன்றாவதில் நுணுக்கமும் தெரியவேண்டும், அதன்பின்னும் பார்க்க எஞ்சியிருந்தால் படம் குற்றமுடையது என்பது நாய்ராத்தின் கட்டளை. தொடக்கத்தில் வண்ணக் காகிதத்தைக் கத்தரித்து ஒட்டினார்கள். 1928-ஐ ஒட்டி கெர்ட் ஆர்ன்ட்ஸ் என்ற ஜெர்மானிய மரச்செதுக்கு ஓவியர் வந்து சேர்ந்த பிறகு, ஒவ்வொரு குறியையும் லினோலியத்தில் செதுக்கி அச்சிடும் ஏற்பாடு உண்டாயிற்று. தொப்பியின் விளிம்பும் கைப்பையின் கோணமும் மட்டுமே கொண்டு தொழிலாளியையும் குமாஸ்தாவையும் வேறுபடுத்திக் காட்ட வல்ல ஆர்ன்ட்ஸ், காலப்போக்கில் ஏறத்தாழ நாலாயிரம் குறிகளைச் செய்து குவித்தார். இன்று ரயில் நிலையத்திலும் ஆஸ்பத்திரியிலும் நமக்கு வழிகாட்டும் ஆண் பெண் உருவங்களுக்கு முன்னோர்கள் அவையே.

ஆனால் விதியும் குறியும் இருந்தால் படம் வந்துவிடுமா? அறிஞரிடம் எண் இருக்கிறது, ஓவியரிடம் கை இருக்கிறது. இரண்டுக்கும் நடுவே நின்று, இந்த எண்களுக்குள் சொல்லத்தக்க செய்தி எது, அதற்கு எவற்றை எவற்றோடு அடுத்து நிறுத்தவேண்டும், எவற்றை விடவேண்டும் என்று தீர்மானிக்கும் ‘மாற்றி அமைப்பவர்’ என்னும் மூன்றாமவர் ஒருவர் தேவை. நம் தெருக்கூத்தில் கதைக்கும் சபைக்கும் நடுவே நின்று, ராஜாவின் பேச்சை ஜனங்களின் காதுக்கு எட்டவைக்கும் கட்டியங்காரனுடைய ஸ்தானம் அது. வீயன்னாவில் அந்த ஸ்தானத்தை வகித்தவர் மேரி ரைடமைஸ்டர். 1898-இல் ஜெர்மனியின் பிரன்ஸ்விக் நகரில் பிறந்து, கெட்டிங்கனில் படித்து, 1924-இல் வீயன்னாவுக்கு வந்த இடத்தில் நாய்ராத்தைச் சந்தித்து, மறு ஆண்டே அருங்காட்சியகத்தில் சேர்ந்த இப்பெண்மணியை, நாய்ராத்தின் உதவியாளர் என்று ஒரு வரியில் சொல்லித் தீர்த்துவிடும் வழக்கம் நெடுநாள் இருந்தது. பென்சிலாலும் வண்ணப் பென்சிலாலும் அவர் கிறுக்கிப் பார்த்த பூர்வாங்கப் படங்களைப் பார்த்தவர்கள் அப்படிச் சொல்லத் துணியமாட்டார்கள்.

அவர்களுடைய படங்களுள் நெசவைப் பற்றியது ஒன்று உண்டு. 1939-இல் நாய்ராத் வெளியிட்ட ஆங்கில நூலில் இடம்பெற்றது. இங்கிலாந்தில் 1820 முதல் 1880 வரை, வீட்டில் நெய்வோரும் ஆலையில் நெய்வோரும் எப்படி மாறினார்கள் என்பது விஷயம். பதினாயிரம் வீட்டு நெசவாளருக்கு ஒரு கறுப்பு மனிதன், பதினாயிரம் ஆலை நெசவாளருக்கு ஒரு சிவப்பு மனிதன், உற்பத்தியில் ஐந்து கோடி ராத்தலுக்கு ஒரு நீலக்குறி. வரிசை வரிசையாகக் கீழே இறங்க இறங்கக் கறுப்பு மனிதர்கள் தேய்ந்து மறைகிறார்கள். சிவப்பு மனிதர்கள் வளர்கிறார்கள். அவர்களைவிட எவ்வளவோ வேகமாக நீலக்குறிகள் பெருகுகின்றன. மூன்று கணக்குகளையும் தனித்தனியே மூன்று படமாக்கியிருந்தால் மூன்று செய்திகள் கிடைத்திருக்கும். ஒன்றாக நிறுத்தியதால் நான்காவது செய்தி ஒன்று, எந்த அட்டவணையிலும் எழுதப்படாதது, தானாக எழுந்து நிற்கிறது. மாற்றி அமைப்பவரின் வேலை என்ன என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை. அதே சமயம், தலைப்பில் உள்ள இங்கிலாந்து என்ற எல்லையைத் தாண்டி அந்தப் படம் ஓர் அடியும் வைப்பதில்லை என்பதையும் கவனிக்கவேண்டும். அந்த நீலக்குறிகள் மூட்டை மூட்டையாகக் கப்பலேறி எங்கே வந்து இறங்கின, சேலத்திலும் மதுரையிலும் தறிக் குழியில் உட்கார்ந்திருந்தவன் கதி என்னாயிற்று என்பதற்கு இன்னொரு வரிசை வேண்டியிருக்கும். நம் கல்லூரி மாணாக்கர் எவரேனும் அந்த வரிசையைச் சேர்த்து அப்படத்தை மறுபடி செய்ய முயன்றால், எண்ணைத் தேடுவதிலேயே பாதிக் கல்வி முடிந்துவிடும்.

வீயன்னாவில் அத்தகைய வேலையைச் சிறு பிள்ளைகளுக்கே கொடுத்தார்கள். நகரக் கல்விச் சபைக்குத் தலைவராயிருந்த ஆட்டோ கிளெக்கல், உபாத்தியாயர் சொல்லப் பிள்ளைகள் ஒப்பிக்கும் முறையை மாற்றி, செய்து கற்கும் முறையைப் பள்ளிகளில் புகுத்தியவர். அவருடைய சீர்திருத்தத்தின் நிழலில் நாய்ராத் குழுவினர் தங்கள் முறையைப் பள்ளிகளில் பரிசோதித்து, 1933-இல் அதைப் பற்றி ஒரு நூலும் வெளியிட்டார்கள். குறிகளைக் கத்தரித்து ஒட்டி, பிள்ளைகள் தாங்களே படம் செய்தார்கள். கேட்பதற்கு இது காகிதவேலை வகுப்பைப்போல் இருக்கும். செய்து பார்த்தால்தான் அதன் கடினம் விளங்கும். ஒரு குறிக்கு எத்தனை பேர் என்று முதலில் முடிவு செய்யவேண்டும்: நூறு என்று வைத்தால் தாள் போதாது, லட்சம் என்று வைத்தால் சில வரிசைகளில் ஒரு குறிகூடத் தேறாது. அடுத்து, மீதி எண்ணை என்ன செய்வது? முழுக்குறிக்குத் தேறாத மிச்சத்தை மேலே ஏற்றியோ கீழே இறக்கியோ பெரும்பாலும் சமன் செய்துவிடுவது வீயன்னா வழக்கம். நுட்பமான எண்ணை மறப்பதைவிடத் தோராயமான படத்தை நினைவில் வைத்திருப்பது மேல் என்பது அவர்கள் சித்தாந்தம். ஆனால் அப்படிச் சமன் செய்யும் சிறுவன், தன் கத்தரிக்கோலால் இத்தனை ஆயிரம் பேர் படத்திலிருந்து வெளியேறினார்கள் என்பதையும் அறிந்தே செய்கிறான். அட்டவணையை மனப்பாடம் செய்யும் சிறுவனுக்கு இந்தச் சங்கடம் நேர்வதில்லை.

இந்த முறைக்கு ஒரு பெரிய பலவீனமும் இருந்தது. அதை மறைப்பது சரித்திரத்துக்கு நியாயமாகாது. 1931-இல் சோவியத் அரசு, தன் நாட்டில் படப் புள்ளிவிவரத்தைப் பரப்புவதற்காக மாஸ்கோவில் இசோஸ்டாட் என்ற ஸ்தாபனத்தைத் தொடங்கி, நாய்ராத்தையும் ஆர்ன்ட்ஸையும் வரவழைத்துக்கொண்டது. குறிகள் வீயன்னாவின் அதே ஒழுங்கில் வரிசை வரிசையாக நின்றன. ஆனால் எண்ணைக் கொடுத்தது ஐந்தாண்டுத் திட்டத்தின் புகழைப் பாட விரும்பிய அதிகாரம். நடந்ததைக் காட்டும் குறியும், நடக்கப் போவதாகச் சொல்லப்பட்டதைக் காட்டும் குறியும் ஒரே உருவம் கொண்டு ஒரே வரிசையில் நின்றபோது, படத்தின் இலக்கணம் எவ்வளவு சுத்தமாயிருந்தும் அது பொய்க்குத் தடை போடவில்லை. நாய்ராத் ஏன் இதற்கு உடன்பட்டார் என்று பலர் கேட்டிருக்கிறார்கள். வீயன்னா நகரசபையின் நிதி சுருங்கிக்கொண்டிருந்த காலத்தில் மாஸ்கோ ஒப்பந்தம் குழுவினருக்குச் சோறு போட்டது என்பதும் ஒரு காரணம். எனக்குத் தோன்றுவது, எண் எங்கிருந்து வந்தது என்று கேட்கும் பயிற்சி அந்த முறைக்கு உள்ளேயே போதிய அளவு இடம்பெறவில்லை என்பது. அறிஞர் தரும் எண்ணை மாற்றி அமைப்பவர் நம்பி வாங்கிக்கொள்வார் என்ற ஏற்பாடு, அறிஞர் நல்லவராயிருக்கும் வரையில் மட்டுமே நிலைக்கக்கூடியது.

1934 பிப்ரவரியில் ஆஸ்திரியாவில் உள்நாட்டுச் சண்டை மூண்டு, சமூக ஜனநாயகக் கட்சி நசுக்கப்பட்டபோது நாய்ராத் மாஸ்கோவில் இருந்தார். ஊர் திரும்பினால் சிறைவாசம் நிச்சயம். மேரி, பிராகில் இருந்த நண்பர் கார்னாப் அவருக்காகக் காத்திருக்கிறார் என்று தந்தி அடித்தார். வீயன்னாவுக்கு வராதே என்பதற்கு முன்னரே பேசிவைத்த குறிப்பு அது. குழுவில் சிலர் ஹாலந்தில் ஹேக் நகரம் சேர்ந்தார்கள். அவர்களுடைய படமுறைக்கு ஐசோடைப் என்று இன்று வழங்கும் பெயர் அங்கேதான் சூட்டப்பட்டது. 1940 மே மாதத்தில் ஜெர்மானியப் படை ஹாலந்துக்குள் புகுந்தபோது, நாய்ராத்தும் மேரியும் ஸ்கெவெனிங்கன் துறையில் அகதிகளால் நிரம்பி வழிந்த ஒரு மீட்புப் படகில் ஏறி, நடுக்கடலில் பிரிட்டிஷ் போர்க்கப்பலால் காப்பாற்றப்பட்டு, இங்கிலாந்து சேர்ந்ததும் பகைநாட்டார் என்று வெவ்வேறிடங்களில் காவலில் வைக்கப்பட்டார்கள். ஆர்ன்ட்ஸ் ஹாலந்திலேயே தங்கிவிட்டார். 1941-இல் விடுதலை பெற்று இருவரும் மணம் செய்துகொண்டு, ஆக்ஸ்ஃபோர்டில் ஐசோடைப் நிலையத்தை நிறுவினார்கள். 1945 டிசம்பரில் நாய்ராத் காலமானார்.

மேரி நிலையத்தை நிறுத்திவிடவில்லை. குழந்தைகளுக்காகப் படப் புஸ்தகங்கள் பல செய்தார். 1950-களில் மேற்கு நைஜீரியாவின் அரசு, இலவசத் தொடக்கக் கல்வி முதலிய திட்டங்களை மக்களுக்கு விளக்கும் பிரசுரங்களுக்காக அவரை அழைத்தபோது, வீயன்னாவின் குறிப்பெட்டியை அப்படியே அங்கே திறந்துவைக்காமல், நேரில் சென்று பார்த்து, வீட்டின் கூரையையும் ஆண் பெண்ணின் உடையையும் அவ்வூர் வழக்கத்துக்கு ஏற்ப மாற்றி வரையச் செய்தார். எல்லா நாட்டாருக்கும் பொதுவான சித்திர பாஷை என்று கணவர் கண்ட கனவை, மனைவி தம் வேலையின் மூலமாகவே மரியாதையோடு திருத்தினார் என்று சொல்லலாம்.

1971-இல் ஓய்வு பெறும்போது, நிலையத்தின் சேகரிப்பு முழுவதையும் ரெடிங் சர்வகலாசாலைக்குக் கொடுத்துவிட்டார். அச்செழுத்துக் கலையைப் பாடமாக வைத்திருக்கும் துறை ஒன்று அங்கே இருந்ததால் இந்தத் தேர்வு பொருத்தமாக அமைந்தது. அச்சான படங்களோடு, அவற்றுக்கு முன்னால் போடப்பட்ட பூர்வாங்க வரைவுகளும், அறிஞர்களுடன் நடந்த கடிதப் போக்குவரத்தும் அதில் அடக்கம். முடிந்த படத்தையும் அதற்கு முந்திய வரைவுகளையும் அடுத்தடுத்து வைத்துப் பார்க்கும் மாணாக்கர், எந்த வரிசை எப்போது நீக்கப்பட்டது, எந்தக் குறி ஏன் இடம் மாறியது என்று பின்னோக்கி வாசிக்க அங்கே வழி இருக்கிறது.